கித்தானுக்குள் இறங்கிய வண்ணம்

எண்ணெய் வண்ணத்தில் ஓவியம் தீட்டப் பழகுபவர் கற்றுக்கொள்ளும் முதல் வேலைகளில் ஒன்று, வண்ணம் துணிக்குள் இறங்காமல் தடுப்பது. மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய கித்தானின்மேல் முதலில் பசை பூசுவார்கள். ஐரோப்பாவில் இதற்கு முயல்தோலைக் காய்ச்சி எடுத்த பசையைப் பல தலைமுறைகளாகப் பயன்படுத்தினார்கள். அது காய்ந்த பிறகு வெள்ளைப் பூச்சு, ஒன்றோ இரண்டோ. இவ்வளவும் முடிந்தபின் துணியின் துளைகள் அடைபட்டு, வண்ணத்தை மேலே தாங்கி நிற்கும் ஒரு தளம் கிடைத்துவிடும்.

இந்தப் பாடு எதற்கு என்றால், எண்ணெய் வண்ணம் என்பது நிறமிப் பொடியை ஆளி விதை எண்ணெயில் குழைத்தது. அந்த எண்ணெய் நேரடியாகப் பட்டால் நூலிழைகள் நாளடைவில் பழுத்து மக்கத் தொடங்கும். போதாததற்கு, வெறுந்துணி வண்ணத்தைக் குடித்துவிடும். பளபளப்பும் அடர்த்தியும் போய்ப் படம் மங்கிக் கிடக்கும். ஆகவே பூச்சு இல்லாத கித்தானில் எண்ணெய் வண்ணம் தீட்டுவது தெரியாதவர் செய்யும் தவறு என்றே கருதப்பட்டது.

1952 அக்டோபர் 26 அன்று நியூயார்க் நகரின் மேற்கு 23ஆம் தெருவில் இருந்த ஒரு பட்டறையில், 23 வயதான ஒரு பெண் இந்தத் தவறை முழு மனத்தோடு செய்தார். பூச்சு எதுவும் இல்லாத பருத்திக் கித்தானைத் தரையில் விரித்தார். கரித்துண்டால் சில கோடுகளை இழுத்தார். பிறகு எண்ணெய் வண்ணத்தை டர்பன்டைனில் நீர்த்து, ஏறக்குறைய தண்ணீர் பதத்துக்குக் கொண்டுவந்து, துணியின்மேல் ஊற்றினார். வண்ணம் பரவி, ஊறி, நூலோடு நூலாகப் போனது. அந்தப் படத்தின் பெயர் ‘மலைகளும் கடலும்’. வரைந்தவர் ஹெலன் ஃபிராங்கன்தாலர். முறைக்குக் கலையுலகம் வைத்த பெயர் சோக்-ஸ்டெயின். இந்தக் கட்டுரையில் அதை ஊறல் முறை என்றே சொல்கிறேன்.

அரூப ஓவியத்தின் முன் நிற்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, இது என்ன என்பது. அந்தக் கேள்வியைச் சற்று ஒத்திப்போட்டு, இது எப்படி நடந்தது என்று கேட்டால் பாதிக் கதவு திறந்துவிடும் என்பது என் எண்ணம். ‘மலைகளும் கடலும்’ அதற்குப் பொருத்தமான படம். அதில் நடந்தது எல்லாம் கண்ணுக்குத் தெரியும்படியே இருக்கிறது. எதையும் மறைக்க அதில் இன்னொரு அடுக்கு இல்லை.

போருக்குப் பிந்திய நியூயார்க்

அரூப ஓவியம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிறந்ததல்ல. மரம், முகம், மேசை என்று அடையாளம் சொல்லக்கூடிய எதையும் காட்டாமல் நிறத்தையும் வடிவத்தையும் மட்டும் வைத்துப் படம் செய்யலாம் என்பதைக் காண்டின்ஸ்கியும் மாலெவிச்சும் மோந்திரியானும் 1910களிலேயே செய்து காட்டிவிட்டார்கள். ஆனால் அது ஐரோப்பியக் கதை. போர் வந்தபோது அந்த ஓவியர்களில் பலர் அமெரிக்காவுக்குத் தப்பி வந்தார்கள். மோந்திரியானே 1940இல் நியூயார்க் வந்து, நான்கு ஆண்டுகளில் அங்கேயே இறந்தார். பாரிஸ் களையிழந்தது, நியூயார்க்கின் இளைஞர்களுக்கோ முன்னோடிகள் பக்கத்துத் தெருவுக்கே வந்துவிட்டார்கள்.

அங்கே 1940களின் பிற்பகுதியில் உருவான போக்கைத்தான் அரூப வெளிப்பாட்டியம் என்கிறார்கள். ஒரே பள்ளி என்று சொல்லிவிட முடியாத அளவுக்கு அதில் ஆளுக்கொரு வழி. தோராயமாக இரண்டு ஓட்டங்களைப் பிரிக்கலாம். கையின் வேகமும் உடலின் அசைவும் படத்தில் பதியவேண்டும் என்றவர்கள் ஒரு பக்கம்: ஜாக்சன் பொல்லாக், வில்லெம் டி கூனிங். அகன்ற நிறப்பரப்பின் முன் பார்ப்பவரை நிறுத்திவைத்தவர்கள் மறுபக்கம்: மார்க் ராத்கோ, பார்னெட் நியூமன். இருபக்கத்துக்கும் பொதுவானது அளவு. நியூமனின் ஒரு படம் ஐந்து மீட்டருக்கும் மேல் நீளம். பார்ப்பவரின் கண்ணை மட்டுமல்லாமல் உடலையே சுற்றிவளைக்கும் பரப்பு அது. கைப்பேசித் திரையில் இந்தப் படங்களைப் பார்த்துவிட்டு ‘ஒன்றுமே இல்லையே’ என்பவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. திரையில் உண்மையிலேயே ஒன்றும் இல்லை.

இவர்களில் நம் கதைக்கு முக்கியமானவர் பொல்லாக். லாங் ஐலண்டில் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில், வீட்டையொட்டிய கொட்டகையில், 1947 முதல் அவர் கித்தானைத் தரையில் விரித்துச் சுற்றிச் சுற்றி நடந்து வேலை செய்தார். குச்சியிலிருந்தும் காய்ந்துபோன தூரிகையிலிருந்தும் எனாமல் பெயின்ட்டைச் சொட்டவிட்டார், வீசினார். ஓவியத்தை நிமிர்த்தி வைத்துத்தான் வரையவேண்டும் என்ற வழக்கம் அதோடு உடைந்தது. 1951இல் அவர் இன்னொன்றும் செய்தார். கறுப்பு எனாமலை நீர்த்து, பூச்சில்லாத பருத்தித் துணியில் ஊறவிட்டார். அதாவது, துணிக்குள் வண்ணத்தை இறக்குவதில் ஃபிராங்கன்தாலருக்கு முன்னோடி உண்டு. அந்தக் கறுப்பிலிருந்து நிறத்துக்குத் தாண்டியது ஃபிராங்கன்தாலர்.

நீதிபதியின் கடைசி மகள்

ஃபிராங்கன்தாலர் 1928 டிசம்பர் 12 அன்று நியூயார்க்கில், மன்ஹாட்டனின் வசதியான பகுதியில் வாழ்ந்த யூதக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா ஆல்ஃபிரட், நியூயார்க் மாநில நீதிமன்றத்தில் நீதிபதி. அம்மா மார்த்தா ஜெர்மனியிலிருந்து வந்தவர். மூன்று மகள்களில் ஹெலன் கடைசி. அவருக்குப் பதினொரு வயதானபோது அப்பா இறந்துபோனார்.

வறுமையில் உழன்ற கலைஞனின் கதை இது இல்லை. அது அவருக்குப் பின்னாளில் ஒரு குறையாகவே சொல்லப்பட்டது. டால்டன் பள்ளியில் அவருக்கு ஓவியம் கற்றுத்தந்தவர் மெக்ஸிகோவின் புகழ்பெற்ற ஓவியர் ருஃபினோ தமாயோ. அடுத்து வெர்மாண்ட் மாநிலத்தின் பென்னிங்டன் கல்லூரி. அங்கே பால் ஃபீலி என்ற ஆசிரியரிடம், பொருள்களைக் கோணத் துண்டுகளாக உடைத்துக் காட்டும் கியூபிசப் படங்களைப் பிரித்து மேயக் கற்றுக்கொண்டார்: எந்தக் கோடு எதைத் தாங்குகிறது, எந்த மூலை கனக்கிறது, எதை எடுத்தால் படம் சரியும். 1952இன் அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் இந்தப் பயிற்சி இருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் அது அதிர்ஷ்டமாகத் தெரியும்.

1949இல் பட்டம் பெற்று நியூயார்க் திரும்பினார். அடுத்த ஆண்டு, பென்னிங்டன் மாணவியரின் படங்களை வைத்து அவர் ஏற்பாடு செய்த ஒரு கண்காட்சிக்கு கிளெமென்ட் கிரீன்பெர்க் வந்தார். அன்றைய அமெரிக்காவில் ஓவிய விமர்சகர் என்றால் முதலில் நினைவுக்கு வரும் பெயர்களில் ஒன்று அது. பொல்லாக்கை உலகுக்கு எடுத்துச் சொன்னவர். ஃபிராங்கன்தாலரைவிட ஏறத்தாழ இருபது வயது மூத்தவர். இருவரும் காதலர்களானார்கள். ஐந்து ஆண்டுகள் நீடித்த உறவு அது. கிரீன்பெர்க் மூலம் பொல்லாக், அவருடைய மனைவியும் ஓவியருமான லீ கிராஸ்னர், டி கூனிங் எல்லோரும் அறிமுகமானார்கள். பெட்டி பார்சன்ஸ் கேலரியில் பொல்லாக்கின் படங்களைப் பார்த்த அனுபவத்தைப் பின்னாளில் ஃபிராங்கன்தாலர் விவரித்திருக்கிறார்: மொழி தெரியாத ஒரு நாட்டுக்குத் திடீரென்று போய்ச் சேர்ந்ததுபோல் இருந்ததாம், ஆனால் அங்கேயே குடியேறிவிட வேண்டும் என்ற ஆசையும் வந்ததாம். ஸ்பிரிங்ஸ் கொட்டகைக்கும் போய், தரையில் கிடந்த கித்தான்களை நேரில் பார்த்தார்.

1952 கோடையில் கிரீன்பெர்க்கோடு கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்குப் பயணம் போனார். அங்கே கேப் பிரெட்டன் தீவில், காடு மூடிய குன்றுகள் கடலில் நேராக இறங்கும் இடங்களில் உட்கார்ந்து சிறிய நீர்வண்ணப் படங்கள் வரைந்தார். நீர்வண்ணம் தாளில் எப்படி நடந்துகொள்ளும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். தாளின் வெள்ளைதான் அங்கே வெளிச்சம். தண்ணீர் எங்கே ஓடுகிறதோ அங்கே நிறம் போகும். தவறினால் திருத்த முடியாது. அந்தப் பழக்கம் கையில் இருக்க, ஊர் திரும்பிச் சில வாரங்களில் ஏழடிக்குப் பத்தடி கித்தான் ஒன்றைத் தரையில் விரித்தார். அந்த நிலக்காட்சிகள் தம் கைகளுக்குள் இருந்ததாக அவரே பிறகு சொன்னார். பொல்லாக்கிடமிருந்து தரையும் துணியும், கேப் பிரெட்டனிலிருந்து நீர்வண்ணத்தின் போக்கும் வந்தன. இரண்டும் சந்தித்த இடம் அந்தத் துணி.

படத்தில் என்ன இருக்கிறது

220 சென்டிமீட்டர் உயரம், 298 சென்டிமீட்டர் அகலம். வெளிர் ரோஜா, சாம்பல் கலந்த நீலம், இளம்பச்சை, ஆங்காங்கே சிவப்பு. நடுப்பகுதியில் நிறங்கள் நெருங்கி மேலெழும்புகின்றன. வலப்புறம் கிடையாக ஓடும் நீலம், தலைப்பைப் படித்தபின் கடலாகத் தெரிகிறது. நிறங்களுக்கு ஊடாகக் கரிக்கோடுகள் துள்ளி ஓடுகின்றன. அவற்றை வண்ணம் கீழ்ப்படிந்து நிரப்பவில்லை. சில இடங்களில் கோட்டைத் தாண்டி வழிகிறது, சில இடங்களில் கோட்டுக்கு எட்டாமலே நின்றுவிடுகிறது. மீதி, படத்தின் கணிசமான பகுதி, வெறுந்துணி.

வழக்கமான ஓவியத்தில் எப்போதும் இரண்டு தளங்கள் உண்டு. பின்னால் ஒரு தரை, அதன்மேல் ஒரு வடிவம். பொல்லாக்கின் சொட்டு ஓவியங்களில்கூடக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கின்றன. எது முதலில் விழுந்தது, எது பிறகு என்று ஓரளவு பிரித்துவிடலாம். ஊறல் முறையில் அந்த மேல்-கீழ் இல்லாமல் போகிறது. நிறம் துணியின் மேல் இல்லை, துணியே நிறமாகிவிட்டது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் நீலத்துக்குள்ளேயே நெசவின் ஊடும் பாவும் தெரியும். தூரிகைத் தடம், வண்ணத்தின் தடிப்பு, பளபளப்பு எதுவும் இல்லை. தீட்டப்படாத இடங்களும் காலியிடம் என்ற நிலையிலிருந்து ஒரு நிறமாக உயர்ந்துவிடுகின்றன. அந்தப் பழுப்பு வெள்ளை, நிறங்களுக்கு இடையே காற்றாகவும் வெளிச்சமாகவும் வேலை செய்கிறது.

இங்கே கிரீன்பெர்க்கின் கொள்கையைச் சுருக்கமாகச் சொல்லவேண்டும். ஒவ்வொரு கலையும் தனக்கு மட்டுமே உரியது எதுவோ அதை நோக்கிச் செல்கிறது. ஓவியத்துக்கு மட்டுமே உரியது தட்டையான பரப்பு. ஆகவே நவீன ஓவியம் தன் தட்டைத்தன்மையை மறைக்காமல் ஒத்துக்கொள்கிறது என்பது அவர் வாதம். ஊறல் முறை இந்த வாதத்துக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. வண்ணமும் பரப்பும் ஒன்றேயாகிவிட்டால் அதைவிடத் தட்டை என்ன இருக்கிறது?

எனக்கு இந்த விளக்கம் பாதிதான் சரியாகப் படுகிறது. பொருளாகப் பார்த்தால் படம் தட்டை, சந்தேகமில்லை. ஆனால் கண்ணுக்கு அது அப்படித் தெரியவில்லை. வலப்புற நீலம் தொலைவுக்குப் போகிறது. நடுவில் இருக்கும் ரோஜா நிறம் முன்னால் வருகிறது. கரிக்கோடு ஒன்று பாறை விளிம்பைப்போல வளைந்து, அதற்குப் பின்னால் ஏதோ இருப்பதாக நம்பவைக்கிறது. துணியின் தட்டையும் காட்சியின் ஆழமும் ஒரே நேரத்தில் இருப்பதால்தான் இந்தப் படத்தை நெடுநேரம் பார்க்க முடிகிறது. ஃபிராங்கன்தாலர் வாழ்நாள் முழுவதும் கொள்கையைவிட இந்த இரட்டை நிலையையே நம்பினார் என்று அவருடைய படங்களைப் பார்த்தால் தெரிகிறது. தலைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். முழு அரூபம் என்றால் எண் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம், பொல்லாக் பல சமயம் செய்ததுபோல. அவர் மலையையும் கடலையும் விட்டுவிடவில்லை.

பாலம் என்ற பட்டம்

1953 ஏப்ரலில் கிரீன்பெர்க், வாஷிங்டனிலிருந்து வந்திருந்த இரண்டு ஓவியர்களை ஃபிராங்கன்தாலரின் பட்டறைக்கு அழைத்துப்போனார். ஒருவர் மோரிஸ் லூயிஸ், நாற்பது வயது, இன்னும் பெயர் எடுக்காதவர். மற்றவர் கென்னத் நோலண்ட், இன்னும் இளையவர். ‘மலைகளும் கடலும்’ படத்தைப் பார்த்துவிட்டு இருவரும் வாஷிங்டன் திரும்பினார்கள், தாங்களும் வண்ணத்தை ஊற்ற ஆரம்பித்தார்கள். லூயிஸ் தன் வீட்டின் சிறிய சாப்பாட்டு அறையைப் பட்டறையாக்கி, பெரிய கித்தான்களில் வண்ணத்தை வழியவிட்டு, மெல்லிய திரைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொங்குவதுபோன்ற படங்களைச் செய்தார். நோலண்ட் பின்னாளில் பூச்சில்லாத கித்தானில் வட்டத்துக்குள் வட்டமாக நிறங்களை ஊறவிட்டார். 1960களில் வண்ணப் பரப்பு ஓவியம் என்று தனியாகப் பேசப்பட்ட போக்கின் பெரும்பகுதி இந்த ஒரு நாள் வருகையிலிருந்து கிளைத்தது.

பொல்லாக்குக்கும் சாத்தியமான மற்றவற்றுக்கும் இடையே ஃபிராங்கன்தாலர் ஒரு பாலம் என்று லூயிஸ் சொன்னார். பாராட்டாகச் சொன்னதுதான். ஆனால் அந்தச் சொல் கலை வரலாற்றுப் புத்தகங்களில் ஒட்டிக்கொண்டு, அவருக்கு நன்மையைவிடத் தீமையே அதிகம் செய்தது. பாலத்தில் யாரும் தங்குவதில்லை. பொல்லாக்கிலிருந்து லூயிஸுக்குப் போகும் வழியில் ஒரு பத்தி அவருக்கு ஒதுக்கப்பட்டது. அதற்கப்புறம் அவர் வரைந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் அடிக்குறிப்பாயின. கிரீன்பெர்க்கும் லூயிஸையும் நோலண்டையும் பற்றி 1960இல் எழுதிய கட்டுரையில் ‘மலைகளும் கடலும்’ படத்தை அசாதாரணமானது என்று குறிப்பிட்டார்; ஆனால் கட்டுரை ஃபிராங்கன்தாலரைப் பற்றியது அல்ல.

இன்னொரு குற்றச்சாட்டு, படங்கள் அழகாக இருக்கின்றன என்பது. கேட்க விசித்திரமாக இருந்தாலும் அது அன்று பெரிய குற்றம். குடித்துவிட்டு மேசையைக் கவிழ்க்கும் ஆண் ஓவியர்களின் காலம் அது. வேதனையும் போராட்டமும் வண்ணத்தின் தடிப்பில் தெரியவேண்டும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு, வெளிர் நிறங்களில் ஒரு பணக்கார வீட்டுப் பெண் செய்த படம் ‘மென்மை’யாகவும் ‘பெண்மை’யாகவும் பட்டது. ராத்கோவின் ரோஜா நிறத்தில் துயரத்தைக் கண்டவர்கள் ஃபிராங்கன்தாலரின் ரோஜா நிறத்தில் பெண்ணைக் கண்டார்கள். அவருக்கோ பெண் ஓவியர் என்று அழைக்கப்படுவதே பிடிக்காது, ஓவியர், அவ்வளவுதான். பெண்ணிய இயக்கம் அவரை முன்னோடியாகக் கொண்டாட முயன்றபோதும் அதிலிருந்து விலகியே நின்றார்.

‘என் குழந்தையும் இதைச் செய்யும்’

செய்யும், ஒரு அங்குலத்துக்கு ஒரு அங்குலம். ஏழடிக்குப் பத்தடியில் ஊறல் முறை எவ்வளவு இரக்கமற்றது என்பதை யோசித்தால் இந்தப் பேச்சு அடங்கும். எண்ணெய் வண்ணத்தின் பெரிய வசதி, பிடிக்காததைச் சுரண்டி எடுத்துவிட்டு மேலே வேறு வரையலாம் என்பது. துணிக்குள் இறங்கிய வண்ணத்தைச் சுரண்ட முடியாது. டர்பன்டைன் சற்றுக் கூடினால் நிறம் செத்துவிடும். குறைந்தால் ஊறாமல் மேலே நிற்கும். ஈரத்தில் இன்னொரு நிறம் தொட்டால் கலந்து சேறாகும். எவ்வளவு ஊற்றுவது, எங்கே பஞ்சால் ஒற்றுவது, எப்போது கையை எடுப்பது, இவைதான் அந்தக் கலையின் இலக்கணம். கடைசியாகச் சொன்னது எல்லாவற்றிலும் கடினம்.

ஒரு நல்ல படம் ஒரே கணத்தில் நிகழ்ந்துவிட்டதுபோல் தோன்றவேண்டும் என்பது ஃபிராங்கன்தாலரின் கொள்கை. அப்படித் தோன்றாதவற்றை அவர் வைத்துக்கொள்ளவில்லை. காட்டிய ஒவ்வொரு படத்துக்கும் கிழித்துக் குப்பையில் போட்டவை பல என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்தக் குப்பைத்தொட்டிகள் எந்த அருங்காட்சியகத்திலும் இல்லாததால் நமக்கு எல்லாம் சுலபமாகத் தெரிகிறது.

எண்ணெயின் பழிவாங்கல்

தொடக்கத்தில் சொன்ன பழைய எச்சரிக்கை பொய்யில்லை. பருத்தி வேட்டியில் ஒரு துளி எண்ணெய் பட்டால், துளியின் அளவைத் தாண்டி ஒரு வளையம் பரவுவதைப் பார்த்திருப்போம். ‘மலைகளும் கடலும்’ படத்திலும் அதே கதை. நிறமி நின்ற இடத்தைத் தாண்டி எண்ணெய் மட்டும் கசிந்து, நிறங்களைச் சுற்றி மெல்லிய ஒளிவட்டம் போட்டிருக்கிறது. படத்துக்கு அது ஒரு தனி அழகு என்பவர்களும் உண்டு, நானும் அந்தக் கட்சிதான். ஆனால் ஆண்டுகள் போகப்போக அந்த எண்ணெய் துணியைப் பழுப்பாக்கும், நைந்துபோகச் செய்யும். நிறங்களும் 1952இல் இருந்த அளவுக்கு இன்று துடிப்பாக இல்லை. அருங்காட்சியகங்களில் பழுதுபார்க்கும் வல்லுநர்களுக்கு இத்தகைய படங்கள் தீராத தலைவலி. சுத்தம் செய்ய மேல்பூச்சு என்று எதுவும் இல்லை, தொட்டால் படத்தையே தொடவேண்டும்.

1960களின் தொடக்கத்தில் ஃபிராங்கன்தாலர் அக்ரிலிக் வண்ணத்துக்கு மாறினார். அதில் எண்ணெய் கிடையாது. பிளாஸ்டிக் பிசினில் குழைத்த நிறமி. துணி மக்காது, எண்ணெய் வளையமும் வராது. படத்தின் குணமும் மாறியது. விளிம்புகள் தெளிவாயின, நிறங்கள் திடமாயின, கரிக்கோடுகள் மறைந்தன. 1963இல் வரைந்த ‘வளைகுடா’ என்ற படத்தில் நீலமும் ஊதாவும் கலந்த ஒரு பெரிய வடிவம் மேலிருந்து இறங்கி நிற்கிறது. கோட்டின் உதவி எதுவும் அதற்கு வேண்டியிருக்கவில்லை.

டெட்ராய்ட் கலை நிலையத்தில் இருக்கும் அந்தப் படத்துக்கு ஒரு வேடிக்கையான உபகதையும் உண்டு. 2006இல் பள்ளிச் சுற்றுலாவாக வந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன், வாயில் மென்றுகொண்டிருந்த சூயிங்கத்தை எடுத்து அதன்மேல் ஒட்டிவிட்டான். சூயிங்கம் பெயர்ந்து வந்துவிட்டது, ஆனால் அதிலிருந்த ரசாயனம் ஒரு நாணயம் அளவுக்குக் கறையாக நின்றது. வார்னிஷ் பூசிய பழைய படமாக இருந்தால் துடைத்துவிட்டுப் போயிருப்பார்கள். கறையினாலேயே ஆன ஒரு படத்திலிருந்து ஒரு கறையை மட்டும் தனியாக எடுப்பது எப்படி என்று அங்கிருந்த வல்லுநர்கள் ஆராய்ந்து, பிறகு ஒருவழியாக நீக்கினார்கள்.

மரத்தில் ஊறியது

1958இல் ஃபிராங்கன்தாலர் ஓவியர் ராபர்ட் மதர்வெல்லை மணந்தார். அவரும் அரூப வெளிப்பாட்டியத்தின் முக்கியப் பெயர்களில் ஒருவர், அவரும் வசதியான வீட்டுப் பிள்ளை. 1971இல் பிரிந்தார்கள். இடையில் 1959இல் பாரிஸ் பியனாலே என்ற ஈராண்டுக் கலைக் கண்காட்சியில் பரிசு, 1966இல் வெனிஸ் பியனாலேயில் அமெரிக்காவின் சார்பாகப் பங்கேற்பு, 1969இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் மொத்தப் படைப்புகளையும் திரும்பிப் பார்க்கும் கண்காட்சி. வாழ்க்கைக் குறிப்புகளில் வரிசையாக வரும் இந்தச் சிறப்புகளைவிட எனக்குச் சுவையாகப் படுவது, நாற்பது வயதைத் தாண்டியபின் அவர் மரச்செதுக்கு அச்சுக்கு வந்தது.

மரச்செதுக்கு என்பது ஊறல் முறைக்கு நேர் எதிரி. பலகையைச் செதுக்கி, மேடாக நிற்கும் பகுதியில் மை தடவி, தாளில் ஒற்றுவது அது. செதுக்கிய விளிம்பு கறாராகத்தான் விழும். வழிதலுக்கும் கசிதலுக்கும் அங்கே இடமில்லை. 1973இல் செய்த ‘கிழக்கும் அப்பாலும்’ என்ற அச்சில் அவர் பலகையைச் செதுக்குவதைவிட்டு, ரம்பத்தால் வளைவு வளைவாக அறுத்துத் துண்டுகளாக்கி, தனித்தனியே மையிட்டுச் சேர்த்தார். கறாரான கோட்டுக்குப் பதிலாக நிறத்தோடு நிறம் பட்டும் படாமலும் நிற்கும் விளிம்பு கிடைத்தது. மரத்தின் ரேகை, கித்தானில் நெசவு தெரிந்ததைப்போலவே, நிறத்தின் உள்ளிருந்து தெரிந்தது.

இந்த வழியில் அவர் எவ்வளவு தூரம் போனார் என்பதற்கு 2000ஆம் ஆண்டின் ‘மேடம் பட்டர்ஃபிளை’ சாட்சி. மூன்று தாள்களில் விரியும் அந்த அச்சுக்கு 46 பலகைகளும் 102 நிறங்களும் தேவைப்பட்டன. அச்சுக் கலைஞர் கென்னத் டைலரின் பட்டறையில், ஜப்பானிய மரபில் தேர்ந்த செதுக்குநர் யாசுயுகி ஷிபாட்டாவும் சேர்ந்து உழைத்தார். பார்த்தால் தண்ணீரில் நிறம் கரைந்து நிற்பதுபோல் இருக்கும். ஒரு வாளி வண்ணத்தை ஊற்றி அரை நாளில் வரக்கூடிய தோற்றத்தை, கெட்டியான மரத்திலிருந்து நூற்றியிரண்டு நிறங்களில் வரவழைத்திருக்கிறார்கள். அப்போது அவருக்கு வயது எழுபத்தொன்று.

அமெரிக்க அரசின் தேசியக் கலைப் பதக்கம் 2001ஆம் ஆண்டுக்காக அவருக்கு வழங்கப்பட்டது. 2011 டிசம்பர் 27 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் டேரியன் என்ற ஊரில், 83ஆம் வயதில் இறந்தார்.

‘மலைகளும் கடலும்’ இப்போது அவர் பெயரிலான அறக்கட்டளைக்குச் சொந்தம். நீண்டகாலக் கடனாக வாஷிங்டனில் உள்ள தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. நேரில் பார்க்க வாய்ப்பில்லாதவர்கள் இணையத்தில் கிடைக்கும் பெரிய அளவுப் படத்தை இறக்கி, கணினித் திரை நிறையப் பெருக்கி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கரிக்கோடு ஒன்றைப் பிடித்துக்கொண்டு போங்கள். அது நிறத்தைச் சந்திக்கும் ஒவ்வோர் இடத்திலும், கோடு நிறத்தை நிறுத்தியதா, நிறம் கோட்டை மீறியதா என்று பாருங்கள். அடுத்து வெறுந்துணிப் பகுதிகளை மட்டும் பாருங்கள், அவைதான் படம் என்பதுபோல. தலைப்பைக் கடைசியில் நினைத்துக்கொண்டால் போதும்.